தந்தையின் பங்கைக் கழற்றிவிடும் தவளை

கேள்வி: ஐரோப்பாவில் ஒரு கலப்பினத் தவளை தலைமுறை தலைமுறையாகப் பெருகி வருவதாகச் சென்ற இதழில் ஒரு துணுக்கு வந்தது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை மலடு. இரண்டு இனம் கலந்தால் வம்சம் தழைக்காது, இயற்கை கலப்பை விரும்புவதில்லை என்றுதானே படித்திருக்கிறோம்? பாடப்புத்தகம் தவறா, உங்கள் துணுக்கு தவறா?

பதில்: இரண்டும் சரிதான். 'இயற்கை கலப்பை விரும்புவதில்லை' என்று நடுவில் நீங்கள் சேர்த்துக்கொண்டதுதான் தவறு.

செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, தாய்வழி வந்த ஒவ்வொரு குரோமோசோமும் தந்தைவழி வந்த தன் ஜோடியோடு சேர்ந்து நின்று, அப்புறம் பிரிய வேண்டும். கோவேறு கழுதையில் ஜோடி ஒழுங்காகச் சேர்வதில்லை. வேலை பாதியில் நின்றுவிடுகிறது. மலட்டுத்தன்மைக்குக் காரணம் இதுதான். இதில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. 'இயற்கை கலப்பை விரும்புவதில்லை' என்ற வாக்கியத்தை மனிதர்களின் கல்யாணப் பேச்சுவரை இழுத்து வருகிறவர்கள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மனிதர் எல்லோரும் ஒரே இனம். அங்கே கலப்பினம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, தவளைக்கு வருவோம். காலுக்காக ஐரோப்பியர்கள் பிடித்துத் தின்னும் பச்சைத் தவளை இது. 1758-லேயே ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதைத் தனி இனமாகக் கருதிப் பெயர் வைத்துவிட்டார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1960-களில், போலந்து விலங்கியலாளர் லெஷெக் பெர்கர் தவளைகளை இணைசேர்த்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சிறிய குளத் தவளைக்கும் பெரிய சதுப்புத் தவளைக்கும் பிறந்த கலப்பினம் இது. மூன்றுக்குமே 26 குரோமோசோம்கள்தான். கலப்பினத்தில் 13 குளத் தவளையுடையவை, 13 சதுப்புத் தவளையுடையவை.

இந்தத் தவளை குளத் தவளைகளோடுதான் பெரும்பாலும் சேர்ந்து வாழ்கிறது. அதன் உடம்பில் எல்லாச் செல்லிலும் இரண்டு பங்கும் இருக்கும். ஆனால் முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் செல்களில் மட்டும், தலைப்பிரட்டைப் பருவத்திலேயே ஒரு கழிப்பு வேலை நடக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் பொட்டுப்பொட்டாகக் குட்டி உட்கருக்கள் தெரியும். குளத் தவளையின் குரோமோசோம்கள் அவற்றுக்குள் ஒதுக்கப்பட்டு அங்கேயே சிதைந்துபோகின்றன. மிஞ்சிய 13 சதுப்புக் குரோமோசோம்கள் தங்களையே நகலெடுத்து மறுபடி 26 ஆகின்றன. இப்போது ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலான ஜோடி இருக்கிறது. கோவேறு கழுதை மாட்டிக்கொண்ட சிக்கல் இங்கே எழவே இல்லை.

ஆக, கலப்பினப் பெண் இடும் முட்டையில் இருப்பது சுத்தமான சதுப்புத் தவளையின் மரபணுத் தொகுதி. அதோடு ஒரு குளத் தவளை ஆண் சேர்ந்தால் மறுபடியும் கலப்பினம். அந்த ஆணின் பங்கு பிள்ளையின் உடம்பில் வேலை செய்யும். பேரப்பிள்ளையில் அதன் சுவடுகூட இருக்காது. தலைமுறைதோறும் புது ஆணிடம் பாதியைக் கடன் வாங்கித் தூக்கி எறிகிற பிழைப்பு இது. கொடுமையாகத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. ஆனால் உண்மை அப்படித்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சதுப்புப் பங்கு எதனோடும் கலந்து புதுப்பித்துக்கொள்ளாமல் நகலாகவே இறங்கி வருவதால், கெட்ட மாற்றங்கள் அதில் சேர்ந்துகொண்டே போகின்றன. கூட இருக்கும் குளத் தவளைப் பங்கு நல்ல நிலையில் இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. இரண்டு கலப்பினங்கள் தமக்குள் சேர்ந்தால்தான் வினை. இரண்டு பக்கமும் பழுதான சதுப்புப் பங்கே வந்து சேர, பிறக்கும் தலைப்பிரட்டைகள் பெரும்பாலும் தவளையாகும் முன்பே செத்துவிடுகின்றன. நீங்கள் சொன்ன 'வம்சம் தழைக்காது' என்பது இந்த ஓர் இடத்தில் பொருந்தும். அதுவும் கலந்ததால் வந்த கேடு அல்ல, கலக்காமல் நகலெடுத்ததால் வந்த கேடு.

இதையும் தாண்டியவை தென் ஸ்வீடன், டென்மார்க், வட ஜெர்மனிக் குளங்களில் இருக்கின்றன. அங்கே பல குளங்களில் தாய் இனங்கள் இரண்டுமே இல்லை, முழுக்கக் கலப்பினம்தான். அவற்றில் பலவற்றுக்கு மூன்று பங்கு குரோமோசோம்கள், அதாவது 39. இரண்டு குளத் தவளைப் பங்கும் ஒரு சதுப்புப் பங்கும் உடையது, ஒற்றையாக நிற்கும் சதுப்புப் பங்கைக் கழித்துவிட்டுக் குளத் தவளைப் பங்கை முட்டையிலோ விந்திலோ வைக்கிறது. இரண்டு சதுப்புப் பங்கும் ஒரு குளத் தவளைப் பங்கும் உடைய மறுவகை, சதுப்புப் பங்கை வைக்கிறது. இரட்டையாக இருக்கும் பங்குகள் தமக்குள் மரபணுக்களை மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன. காணாமல்போன தாய் இனங்களின் வேலையை அந்தக் குளங்களில் இந்த மூன்று பங்குத் தவளைகளே பார்த்துக்கொள்கின்றன.