கிரெட்டே வைட்ஸ், கிடைக்காத தங்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண்களின் நெடுந்தொலைவு ஓட்டம் பற்றிய தங்கள் கட்டுரையில் நார்வேயின் கிரெட்டே வைட்ஸை முதலிடத்தில் வைத்திருந்தீர்கள். நான் பெண்கள் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கட்டுரையை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டியபோது ஒருத்தி உடனே கேட்டாள்: “அவங்களுக்கு ஒலிம்பிக் தங்கமே இல்லையே மிஸ், அப்புறம் எப்படி முதலிடம்?” எனக்கும் பதில் தெரியவில்லை. வைட்ஸ் மாரத்தானில் இரண்டாவதாக வந்த அதே 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்த பி.டி. உஷாவை நாம் இன்றும் கொண்டாடுகிறோம். ஆனால் அவரை உலகின் முதல்வர் என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். அந்த மாரத்தானில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் முன்னே ஓடியபோது வைட்ஸ் ஏன் பின்தொடரவில்லை? அது பயமா? வைட்ஸைவிடப் பல நிமிடங்கள் விரைவாக ஓடிய இங்க்ரிட் கிறிஸ்டியான்சன் அதே நாட்டில் இருக்கும்போது, முதலிடம் அவருக்கல்லவா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

தங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லுமுன், வைட்ஸ் ஓடிய காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு என்னென்ன ஓட்டங்கள் இருந்தன என்று பார்க்க வேண்டும். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்த பெண்கள் களைத்துத் தரையில் விழுந்ததைப் பத்திரிகைகள் ஏதோ பேரவலம் நிகழ்ந்துவிட்டதைப்போல எழுதின. ஒன்பது பேர் ஓடி ஒன்பது பேருமே முடித்த அந்தப் பந்தயத்தைக் காரணம் காட்டி, 1960 வரை 800 மீட்டரை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1500 மீட்டர் சேர்க்கப்பட்டது 1972-இல்தான். 3000 மீட்டரும் மாரத்தானும் 1984 வரை இல்லை. ஆண்கள் இதே காலம் முழுவதும் 5000, 10,000, மாரத்தான் என்று எல்லாவற்றையும் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மாணவிகளிடம் சொல்லுங்கள்.

இந்த ஆண்டுகளோடு வைட்ஸின் வயதைப் பொருத்திப் பாருங்கள். அவர் 1953 அக்டோபரில் ஆஸ்லோவில் பிறந்தவர். ஈட்டி எறிதலில் உலக சாதனை படைத்த டெர்யே பெடர்சன் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்; அவர் அழைத்துத்தான் சிறுமி கிரெட்டே விடார் தடகள மன்றத்துக்குப் பயிற்சிக்குப் போனார். 1972-இல் மியூனிக்கில், பதினெட்டு வயதில், 1500 மீட்டர் ஓடித் தகுதிச்சுற்றோடு திரும்பினார். அது அவருக்குச் சற்றே குறுகிய தூரம் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1975-இல் 3000 மீட்டரை 8 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை நிகழ்த்தி, மறு ஆண்டே அதை 8 நிமிடம் 45.4 விநாடியாகக் குறைத்தார். அந்த 1976-ஆம் ஆண்டுதான் மாண்ட்ரியால் ஒலிம்பிக். ஆனால் அங்கே பெண்களுக்கு 3000 மீட்டர் கிடையாது. சாதனையாளர் தனக்கு உகந்ததல்லாத 1500 மீட்டரில் ஓடி, அரையிறுதியில் வெளியேறினார். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை நார்வே புறக்கணித்தது. போயிருந்தாலும் பெண்களுக்கான நெடுந்தொலைவு ஓட்டம் அங்கும் இல்லை. அவருடைய ஓட்டம் ஒலிம்பிக்குக்கு வந்துசேர்ந்தபோது அவருக்கு முப்பத்தோரு வயது நிறைய இரண்டு மாதமே இருந்தது. இருபத்தொன்றிலிருந்து முப்பது வரை, அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் முழுவதும், அவர் வெல்லக்கூடிய ஒலிம்பிக் பந்தயம் என்று ஒன்று இருக்கவே இல்லை. ஆகவே அவரை ஒலிம்பிக் தங்கத்தால் அளப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

பிறகு எதைக் கொண்டு அளப்பது? பெரும்பாலானவர்கள் நியூயார்க் மாரத்தானில் அவர் பெற்ற ஒன்பது வெற்றிகளைச் சொல்வார்கள். நான் அதற்கும் முன்பாக உலக கிராஸ் கன்ட்ரி போட்டிகளைச் சொல்வேன். கட்டுரையில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டேன். தங்கள் கடிதம் விரித்துச் சொல்ல வாய்ப்பளிக்கிறது. ஓடுதளத்தில் 1500 மீட்டர்காரர் ஒரு பந்தயத்திலும் 3000 மீட்டர்காரர் வேறொன்றிலும் ஓடுவார்கள். மாரத்தான்காரர்களோ அந்தப் பக்கமே வரமாட்டார்கள். சேற்றிலும் புல்லிலும் மேட்டிலும் ஓடும் கிராஸ் கன்ட்ரியில்தான் இவர்கள் அனைவரும் ஒரே நாளில் ஒரே கோட்டில் நிற்பார்கள். அன்று பெண்களுக்கான தூரம் ஐந்து கிலோமீட்டர் அளவிலேயே இருந்தது என்பதால், வேகக்காரர்களுக்கே அது அதிகம் சாதகம். அப்படிப்பட்ட பந்தயத்தில் 1978-இல் கிளாஸ்கோவில் வைட்ஸ் ஏறத்தாழ அரை நிமிட இடைவெளியில் வென்றார். இவ்வளவு குறுகிய தூரத்தில் அரை நிமிடம் என்றால், இரண்டாவதாக வந்தவருக்கு முன்னால் ஓடியவரின் முதுகு மட்டுமே தெரிந்திருக்கும், அதுவும் தொலைவில். தொடர்ந்து லிமெரிக், பாரிஸ், மாட்ரிட், பிறகு 1983-இல் கேட்ஸ்ஹெட் என மொத்தம் ஐந்து முறை. 1982-இலும் 1984-இலும் மூன்றாமிடம். ஒலிம்பிக் மறுத்த போட்டியாளர்கள் எல்லோரையும் அவர் சந்தித்தது இங்கேதான்.

நியூயார்க் கதை விசித்திரமானது. 1978 கோடையில் பிராகில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 3000 மீட்டரில் வெண்கலமே கிடைத்தது. பள்ளி ஆசிரியையாக இருந்த அவர் ஓட்டத்தை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார். கணவர் ஜாக் வைட்ஸ், ஓய்வு பெறுமுன் ஒருமுறை நியூயார்க்கைப் பார்த்துவரலாம் என்று தூண்டினார். போட்டியை நடத்திய பிரெட் லெபோ, 3000 மீட்டரில் பெயர்பெற்ற ஒருவர் தொடக்கத்தில் வேகம் கூட்டிக் கொடுக்கும் பேஸ்மேக்கராகப் பயன்படுவார் என்ற கணக்கில் அழைத்தார். முழுத் தூரத்தை அவர் ஓடி முடிப்பார் என்ற எதிர்பார்ப்பு யாருக்கும் இல்லை. பயிற்சியில்கூட அவர் மாரத்தானின் பாதித் தூரத்துக்கு மேல் ஓடியதில்லை. முதல் நாள் இரவு கணவனும் மனைவியும் இறைச்சியும் ஒயினுமாக நல்ல உணவகத்தில் விருந்துண்டார்கள். பந்தயத்துக்கு முந்தைய இரவில் தங்கள் மாணவிகள் யாரும் அப்படிச் சாப்பிட நீங்கள் விடமாட்டீர்கள். ஓட்டத்தின்போது தூரம் மைல்களில் குறிக்கப்பட்டிருந்தது. கிலோமீட்டரிலேயே எண்ணிப் பழகிய அவருக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது பிடிபடவில்லை. கடைசிப் பகுதியில் தசைகள் இறுக, முடிவுக்கோடு இருக்கும் சென்ட்ரல் பார்க் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு மரக்கூட்டத்தையும் பார்த்துக்கொண்டே ஓடினார். 1173 என்ற எண்ணைத் தாங்கி முதலாவதாக வந்த பெண் யார் என்று அங்கிருந்த அறிவிப்பாளருக்கே தெரியவில்லை. தாமதமாகச் சேர்க்கப்பட்டதால் நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. நேரம் 2 மணி 32 நிமிடம் 30 விநாடி. அதுவரையிலான உலகின் சிறந்த நேரத்தைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் விரைவு. வலி தாளாமல் காலணிகளைக் கழற்றிக் கணவர்மீது வீசி, இனி இந்த முட்டாள்தனத்தைச் செய்யவே மாட்டேன் என்று கத்தினாராம்.

மறு ஆண்டே திரும்பி வந்தார். 1979-இல் 2 மணி 27 நிமிடம் 33 விநாடி. நியூயார்க்கில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு பெண் ஓடி முடித்தது அதுவே முதல்முறை. பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியுமா என்று ஒலிம்பிக் குழுக்களில் விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட மாரத்தான்களும், அதே ஆண்டு டோக்கியோவில் நடந்த பெண்கள் மாரத்தானும் ஒரு பக்கம் சான்று சேர்த்தன. வைட்ஸின் நேரம் இன்னொரு பக்கம் நின்றது. 1981 பிப்ரவரியில் ஒலிம்பிக் குழு பெண்கள் மாரத்தானுக்கு ஒப்புதல் அளித்தது. வைட்ஸ் போராட்டம் எதையும் நடத்தியவர் அல்லர். கூச்ச சுபாவம் உள்ளவர், மேடைப் பேச்சை விரும்பாதவர், ஓடியதோடு சரி. 1978 முதல் 1988 வரை நியூயார்க்கில் அவர் முடித்த பந்தயங்கள் அனைத்திலும் அவரே முதல். இடையே 1981-இல் மட்டும் முழங்காலுக்குக் கீழே வலி கண்டு பாதியில் விலகினார். அவ்வாண்டுப் பாதை பின்னர் அளக்கப்பட்டபோது ஏறத்தாழ 150 மீட்டர் குறைவாக இருந்தது தெரியவந்ததால், முந்தைய ஆண்டும் அப்படியே இருந்திருக்கலாம் என்று 1980-இல் அவர் ஓடிய நேரத்தையும் சிலர் ஐயத்தோடே பார்க்கிறார்கள். அதனால் நானும் அதை இங்கே சான்றாக எடுக்கவில்லை.

1983 ஏப்ரலில் லண்டனில் அவர் ஓடிய 2 மணி 25 நிமிடம் 29 விநாடியில் அத்தகைய சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் மறுநாளே பாஸ்டனில் ஜோன் பெனாய்ட் 2 மணி 22 நிமிடம் 43 விநாடியில் ஓடி அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அதே ஆகஸ்டில் ஹெல்சின்கியில் முதல் உலகத் தடகளப் போட்டி நடந்தது; பெனாய்ட் அந்த மாரத்தானில் ஓடவில்லை. வைட்ஸ் இரண்டாவதாக வந்தவரைவிட மூன்று நிமிடம் முன்னதாக முடித்து, பெண்கள் மாரத்தானின் முதல் உலகத் தங்கத்தை வென்றார். ஒலிம்பிக் பதக்கங்களை மட்டுமே எண்ணுபவர்கள் இந்தத் தங்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இனி லாஸ் ஏஞ்சல்ஸ், 1984 ஆகஸ்டு 5. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரிலேயே பெனாய்ட் கூட்டத்தை விட்டுப் பிரிந்தார். வைட்ஸும் கிறிஸ்டியான்சனும் போர்ச்சுகலின் ரோசா மோட்டாவும் பின்தொடரவில்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறிக்கொண்டே போகும் பந்தயத்தில், இவ்வளவு சீக்கிரம் தனியே ஓடும் ஒருவர் பிற்பகுதியில் தளர்வார் என்று எதிர்பார்ப்பது அனுபவம் உள்ள எவரும் போடும் கணக்கு. அமெரிக்கத் தகுதிப் போட்டிக்குப் பதினேழு நாள் முன்புதான் பெனாய்ட்டுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது என்பது அந்தக் கணக்குக்கு வலுச் சேர்த்தது. கணக்கு பொய்த்தது. பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் முடித்தார். வைட்ஸ் 2 மணி 26 நிமிடம் 18 விநாடி. முந்தைய நாள் அவருக்கு முதுகுப் பிடிப்பு இருந்தது உண்மைதான். ஆனாலும் அதைக் காட்டித் தங்கம் அவருடையதே என்று வாதிடுவது பெனாய்ட்டுக்குச் செய்யும் அநியாயம். அன்று துணிந்தவர் பெனாய்ட், வென்றவரும் அவரே. பயமா என்று கேட்டிருந்தீர்கள். பயம் என்று சொல்லமாட்டேன். தவறான மதிப்பீடு என்பேன். ஓட்டப் பந்தயங்களில் இவை இரண்டும் ஒன்றல்ல.

அந்தப் பந்தயத்தில் இன்னொரு காட்சியும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெப்பத்தால் தாக்குண்டு, உடல் ஒருபுறம் சாய, தள்ளாடியபடி அரங்கின் கடைசிச் சுற்றை ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுத்து முடித்தார். 1928-இல் அதைவிட மிகச் சிறிய களைப்பைச் சாக்காக வைத்துப் பெண்களின் ஓட்டத்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் நிறுத்திவைத்தவர்கள், இந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்த பிறகும் மாரத்தானைத் தொடவில்லை. பெனாய்ட், வைட்ஸ், மோட்டா மூவரும் திடமாக ஓடி முடித்ததை அதே உலகம் அன்றே பார்த்திருந்தது அதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

உஷாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் ஓடிய பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டமும் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது அந்த 1984-இல்தான். ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். ஆனால் அப்போது அவருக்கு இருபது வயது; அவருடைய பந்தயம் அவர் வளரும்போதே வந்துவிட்டது. வைட்ஸுக்கு அது தாமதமாக வந்தது. இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

1988 செப்டம்பரில் சியோல் மாரத்தானை முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓடி, பாதியில் விலகினார். நவம்பரில் அதே காலோடு நியூயார்க்கில் ஒன்பதாம் முறை வென்றார். 1992-இல், மூளைப் புற்றுநோயிலிருந்து தற்காலிகமாகத் தேறியிருந்த லெபோவோடு கூடவே நடந்தும் ஓடியும் அதே மாரத்தானை ஐந்தரை மணி நேரத்துக்கும் சற்று மேல் எடுத்து முடித்தார். இந்தக் கடைசிச் செய்தி தரவரிசைக்குத் தொடர்பில்லாதது. இருந்தாலும் மாணவிகள் கேட்க விரும்புவார்கள்.

கிறிஸ்டியான்சன் பற்றிய கேள்வி மூன்றிலும் கடினமானது. 1985-இல் லண்டனில் அவர் ஓடிய 2 மணி 21 நிமிடம் 6 விநாடி, 1998-இல் கென்யாவின் டெக்லா லோரூப் முறியடிக்கும் வரை நிலைத்தது. வைட்ஸின் மிகச் சிறந்த நேரமான 2 மணி 24 நிமிடம் 54 விநாடியைவிட மூன்றே முக்கால் நிமிடத்துக்கும் மேல் விரைவு. 5000, 10,000, மாரத்தான் மூன்றின் உலக சாதனைகளையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தவர் அவர். கடிகாரத்தை மட்டும் கேட்டால் தாங்கள் சொல்வதே சரி. ஆயினும் அவரிடமும் ஒலிம்பிக் பதக்கம் இல்லை: லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானில் நான்காமிடம், சியோலில் 10,000 மீட்டர் இறுதியில் முன்னணியில் ஓடியபோது காலில் காயம் பட்டு விலகல். தங்கள் மாணவியின் அளவுகோல்படி அவருக்கும் இடமில்லாமல் போகும்.

நான் வைட்ஸை முன்னே வைப்பதற்குக் காரணம், அதுவரை எந்தப் பெண்ணும் ஓடிக் காட்டாத நேரங்களை அவர் 1978 முதல் வகுத்ததுதான். கிறிஸ்டியான்சன் உடைக்க வேண்டிய எண்களில் பல ஏற்கெனவே சக நாட்டவர் எழுதி வைத்தவை. என் வரிசை வைட்ஸ், கிறிஸ்டியான்சன், பெனாய்ட். தங்கள் மாணவிகள் இதை மாற்றி அடுக்கினால், காரணத்தோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்