உடைந்த சில்லுகளுக்கு ஏன் இத்தனை மரியாதை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில், எகிப்தின் காப்டிக் காலத்தவை என்று சீட்டு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தேன். நகம் அளவுதான். முழுக் குடுவைகள் பக்கத்திலேயே இருக்க, இவற்றை எதற்குக் காட்சிக்கு வைக்கிறார்கள்? ஆனால் அவற்றின் வானவில் நிறம் அபாரம். அந்தக் காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள்?

மதுரை வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வானவில்லை யாரும் செய்யவில்லை, அது சிதைவு. மண்ணின் ஈரம் கண்ணாடியிலுள்ள சோடாவை அரித்தெடுக்க, மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பிரிகிறது. ஒளி அதில் பட்டு நிறம் காட்டுகிறது.

எனக்குச் சந்தேகம் முழுக் குடுவைகள்மேல்தான். அவற்றில் பல வியாபாரிகளிடம் வாங்கியவை. எந்த ஊர், எந்த வீடு என்று சொல்ல ஆளில்லை. காப்டிக் என்றால் எகிப்தியக் கிறித்தவர் என்று பொருள், ஆனால் சீட்டில் அது பெரும்பாலும் காலத்தைத்தான் குறிக்கிறது. குடித்தவர் கிறித்தவரா என்று கோப்பை சொல்லாது.

அகழ்ந்தெடுத்த சில்லு வேறு வகை. எகிப்தின் ஃபையூம் பகுதியில் பாழடைந்து கிடந்த கரானிஸ் நகரத்தை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1935 வரை தோண்டினார்கள். அங்கே கிடைத்த கண்ணாடியைப் பற்றி ஆய்வாளர் டொனால்ட் ஹார்டன் 1936இல் ஒரு நூலே எழுதினார். விளிம்போ அடிப்பாகமோ கிடைத்தால், பழகிய கண் கலத்தின் உருவத்தை ஊகித்துவிடும். குடிக்கும் கோப்பை போலத் தோன்றும் கூம்புக் கலங்களை அவர் எண்ணெய் விளக்குகள் என்றார்.

வேதியியல் இன்னும் சுவையானது. அக்காலக் கண்ணாடி மணலும், எகிப்தின் வாடி நத்ரூன் போன்ற இடங்களின் ஏரிகளில் எடுத்த நேட்ரான் என்ற சோடா உப்பும் சேர்ந்தது. நிறம் நீக்க ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்ப்பார்கள். ஒரே சில்லில் இரண்டும் இருந்தால், உடைசலை உருக்கி மறுபடி ஊதியிருக்கிறார்கள் என்று பொருள். 4ஆம் நூற்றாண்டில் பரவிய மஞ்சள்பச்சைக் கண்ணாடி ஒன்றில் இரும்பு, மாங்கனீசு, டைட்டானியம் மூன்றுமே மிகுதி. எகிப்திய மணலில் பிறந்தது என்று ஆய்வாளர்கள் கருதும் அந்தக் கண்ணாடி பிரிட்டன் வரை கிடைக்கிறது. இதற்கெல்லாம் பெரும்பாலும் மாதிரி வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். முழுக் குடுவையில் கைவைக்க எந்தக் காப்பாளர் லேசில் சம்மதிப்பார்?

அடுத்த முறை போகும்போது சீட்டில் நூற்றாண்டை விட்டுவிட்டு, எங்கே கிடைத்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஊர்ப் பெயர் இருக்கும் சில்லின் முன்னால் கூடுதலாக நேரம் செலவிடுங்கள்.