பூட்டிய பீரோவும் நாலரை மணிப் பிள்ளைகளும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் இளைஞர் நற்பணி மன்றத்துக்கு ஊரார் உதவியால் சொந்தக் கட்டடம் அமைந்துவிட்டது. இதுவரை ரத்ததான முகாம், பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று நடத்திவந்தோம். இனி பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று ஆரம்பித்தோம். திங்கள், செவ்வாய் ஸ்போக்கன் இங்கிலீஷ், புதன் அபாகஸ், வியாழன் சிலம்பம், வெள்ளி கம்ப்யூட்டர் என்று அட்டவணை. நன்கொடையாக வந்த நானூறு புத்தகங்களையும் பத்திரமாகப் பீரோவில் வைத்திருக்கிறோம். முதல் வாரம் நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். இப்போது பத்துப் பேர் வந்தால் அதிகம். பெண் பிள்ளைகள் வருவதே இல்லை. கட்டணம் வைத்தால்தான் பெற்றோர் மதித்து அனுப்புவார்கள் என்கிறார் எங்கள் பொருளாளர். என்ன செய்யலாம்?

செ., மன்னார்குடி வட்டம்

அன்புள்ள தம்பி,

வேலைக்குப் போய்வந்து, மிச்சமிருக்கும் சாயங்காலத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கிறீர்களே, நீங்களும் உங்கள் நண்பர்களும் நன்றாக இருக்க வேண்டும். கொஞ்ச நாளாக எனக்கும் இதே யோசனைதான். அதனால்தான் கடிதம் வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கட்டணம் வேண்டாம். அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அபாகஸும் வேண்டாம். சிலம்பம் இருக்கட்டும், சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். கம்ப்யூட்டரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். நாலரை மணிக்கு வருகிற பிள்ளை மதியம் சத்துணவு சாப்பிட்டதோடு சரி. பசித்த பிள்ளையை உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால் மறுநாள் அது ஏன் வரப்போகிறது? கொண்டைக்கடலையோ பட்டாணியோ ஒரு கைப்பிடி சுண்டல் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். நன்கொடை வசூலில் முதல் செலவு அதற்குத்தான்.

பள்ளியில் எட்டு பீரியட் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஒன்பதாவது பீரியட் நடத்தத்தான் உங்களுக்கு இவ்வளவு ஆசையா? அது தானாக எழுந்து, தனக்குப் பிடித்ததைத் தானே எடுக்கிற ஒரு நிமிடமாவது உங்கள் அட்டவணையில் இருக்கிறதா? நானும் தேடிப்பார்த்தேன், இல்லை. நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதியிருக்கிற ஒரு வரிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நானூறு புத்தகங்கள், பத்திரமாக, பீரோவில்.

யாருக்காகப் பத்திரம், தம்பி? சாவி செயலாளரிடம் இருக்கும். செயலாளர் திருவாரூரில் வேலையில் இருப்பார். கண்ணாடிக் கதவு வழியாகப் பிள்ளை அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும். நான் போன மன்றங்களில் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். கேரம் போர்டு சுவரில் மாட்டியிருக்கும், ஸ்ட்ரைக்கர் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும். கைப்பந்து காற்று இறங்கி மூலையில் கிடக்கும். குடியரசு தினத்தன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, போட்டோ பிடித்து, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்.

உங்களுக்குப் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்து 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் அங்கே எடுத்துச் சொல்கிறார். அதே 1931-ல் உங்கள் மன்னார்குடியிலிருந்து ஒரு மாட்டுவண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குக் கிளம்பியது. கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த வண்டி அது, தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். மாட்டைப் பூட்டிக்கொண்டு படிக்கிறவனைத் தேடிப் போன மண்ணில், படிக்க வந்து நிற்கிற பிள்ளைக்கு முன்னால் நீங்கள் பீரோவைப் பூட்டுகிறீர்கள். எனக்குக் கோபம் வராதா?

இது உங்கள் ஒருவரின் குற்றமில்லை என்பதும் தெரியும். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஐந்தாண்டுகளில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகமும் விளையாட்டு மைதானமும் வந்தன. ஓர் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் பூட்டியே கிடந்த கட்டடங்கள் எத்தனை! தினமும் போய்த் திறக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்குக் கட்டடம் கட்டுகிற அளவுக்கு நாம் அக்கறை காட்டுவதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் மன்றத்துக்குள் பெண் பிள்ளைகள் நாங்கள் போக முடியாது. பெரிய பையன்கள் கேரம் ஆடுவார்கள், ஆண்கள் பேப்பர் படிப்பார்கள். பெண் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று வாசலிலேயே கேட்பார்கள். ஆனால் மன்றத்தில் உறுப்பினராக இருந்த தையற்காரர் ஒருவர், புத்தகங்கள் கரையான் அரிக்கின்றன என்று சொல்லி எல்லாவற்றையும் தன் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். துணி அடுக்குகிற பலகையில் கீழ்த்தட்டு முழுக்கப் புத்தகம். ரவிக்கைத் துணி கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்புவார், நான் புத்தகத்தோடு திரும்புவேன். எந்த வீட்டிலும் யாரும் தடுக்கவில்லை, தையல் கடைக்குத்தானே போகிறாள்.

அளவு நோட்டின் முன்பக்கத்தில் மார்புச் சுற்றளவு, கை நீளம் எல்லாம் இருக்கும். அதே நோட்டைத் திருப்பிப் போட்டால் கடைசிப் பக்கத்திலிருந்து எங்கள் பெயர்கள். நாங்களே எழுத வேண்டும், தேதியோடு. புத்தகம் கிழிந்து திரும்பி வந்தால் யார் கிழித்தது என்று அவர் கேட்டதில்லை. கோணி ஊசியில் பொத்தான் நூலை இரட்டையாகக் கோத்து, முதுகுப் பக்கம் நாலு தையல் போட்டுப் பல்லால் நூலை அறுத்துவிட்டு, “எதுவரைக்கும் படிச்சே?” என்பார். கதையைச் சொன்னால் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். அதற்காகவே முழுசாகப் படித்துவிட்டுப் போவோம். சில புத்தகங்கள் திரும்பவே இல்லை. அதற்காக அவர் எந்த வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. எனக்குப் படிக்கிற பழக்கம் வந்தது அந்தக் கடையில்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை.

எனவே கதவில்லாத பலகை ஒன்று அடியுங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரம் போதும். நன்கொடைப் புத்தகங்களில் பாதி, போட்டித் தேர்வு வழிகாட்டியும் பழைய வருமான வரிச் சட்டமுமாக இருக்கும், அவற்றை எடுத்துவிடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் படப் புத்தகங்கள் விலை குறைவு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழுக்குச் சந்தா கட்டுங்கள். கிழியட்டும், தொலையட்டும், சுண்டல் எண்ணெய் படியட்டும். ஒரு வருடம் கழித்து எல்லாப் புத்தகமும் புதிதாகவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உங்களில் ஒருவர் நாலரையிலிருந்து ஆறரை வரை அங்கேயே இருங்கள். பாடம் நடத்த வேண்டாம். கேட்கிற பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள், படித்துவிட்டு வருகிற பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். மழையோ திருவிழாவோ, சொன்ன நேரத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். இரண்டு நாள் பூட்டிக்கிடந்தால் மூன்றாம் நாள் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

பெண் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆசிரியர் எல்லோரும் ஆண்களாகத்தான் இருப்பார்கள், அது கண்ணில் படவில்லையா? 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தந்தத் தெருப் பெண்கள் என்பதால் தாய்மார்கள் தயங்காமல் அனுப்பினார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஓர் அக்கா இருப்பார், பிள்ளைகளைக் கேட்டாலே வீட்டைக் காட்டுவார்கள். மன்றத்தில் அவருக்குப் பொறுப்பும் ஒரு சாவியும் கொடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது, இருட்டிவிட்டால் பிள்ளைகளை யார் வீடு வரை கொண்டுபோய் விடுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். அவர் ஒத்துக்கொண்டதும் எழுதுங்கள்.

அன்புடன்