விகிதத்தோடு மொத்தத்தையும் போடுங்கள்

ஒரு லிட்டர் பானத்துக்கு 2.4 லிட்டர் தண்ணீர் செலவாவதை 1.8 ஆகக் குறைப்போம் என்பதையே நிறுவனத்தின் நீர் இலக்காக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. உற்பத்தி இரு மடங்கானால் விகிதம் குறைந்தும் நீங்கள் உறிஞ்சும் தண்ணீர் ஒன்றரை மடங்காகிவிடும். ஆலைவாரியாக மொத்தத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தண்ணீரைக் குறைக்க, முதலில் ஆலையின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தண்ணீர் மீட்டர். கண்ணாடி பாட்டில் கழுவும் இயந்திரத்தில் கடைசி அலசல் நீர் ஓரளவு சுத்தமாகவே வெளியேறும்; அதை முன் அலசலுக்குத் திருப்பினாலே கணிசமாக மிச்சம்.

சர்க்கரைப் பானம் என்றால், ஆலையைவிடக் கரும்பு வயல் குடிக்கும் தண்ணீர் பல மடங்கு அதிகம். அதை விட்டுவிட்டு ‘நீர்ச் சமநிலை’ (எடுத்த அளவு தண்ணீரை ஈடுசெய்துவிட்டோம்) என்று எழுதினால், விவரம் தெரிந்த தணிக்கையாளர் அங்கேதான் பிடிப்பார்.