ஹாரி டீன் ஸ்டான்டன்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

எனக்கு மிகவும் பிடித்த நடிகர் இவர். இவர் ஒரே ஒரு காட்சியில் வருகிறார் என்பதற்காகவே முழுப் படத்தையும் பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முகம் பார்த்த மாதிரி இருக்கிறது, பெயர்தான் பிடிபடவில்லை. யார் இவர்?

பல பேருக்கு அவரை அப்படித்தான் தெரியும். 1926இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வெஸ்ட் இர்வைன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தார். ஒகினாவா சண்டையின்போது, டாங்கிகளைக் கரை சேர்க்கும் கப்பலில் சமையல்காரர். திரும்பி வந்து கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படித்தார், நாடகத்தில் ஆசை வந்தது, கலிபோர்னியாவுக்குப் போய் பாசடீனா பிளேஹவுஸில் பயிற்சி எடுத்தார். ஒடிசலான உடம்பு, ஒட்டிய கன்னம், எப்போதும் சரியாகத் தூங்காதவர் போன்ற கண்கள். 2017இல், 91 வயதில் காலமானார்.

கேள்வி: இவரைத் துணை நடிகர் என்று சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். நம் பேச்சில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். குணச்சித்திர நடிகர் என்பதே சரி. கதை அவரைச் சுற்றி நகராது. ஆனால் அவர் நிற்கும் இடத்தில் கதை நிஜமாகிவிடும்.

கேள்வி: ஆரம்பக் காலத்தில் என்ன செய்தார்?

தொலைக்காட்சிதான் சோறு போட்டது. 1950களிலும் 60களிலும் 'கன்ஸ்மோக்', 'ராஹைட்' போன்ற கௌபாய் தொடர்களில் வந்து வந்து போனார், பெரும்பாலும் அடியாளாக, திருடனாக. ஹாரி ஸ்டான்டன் என்று இன்னொரு நடிகர் இருந்ததால், டைட்டிலில் வெறும் 'டீன் ஸ்டான்டன்' என்றுதான் போடுவார்கள்.

திருப்பம் 1966இல் வந்த 'ரைட் இன் த வேர்ல்விண்ட்'. படத்தை எழுதியவர் அவருடைய நண்பர் ஜாக் நிக்கல்சன். ஒற்றைக் கண்ணை மூடிய கொள்ளைக்கூட்டத் தலைவன் வேடத்தை ஸ்டான்டனிடம் கொடுத்து, 'நீ எதுவும் செய்யாதே, நடிப்பை உடுப்பு பார்த்துக்கொள்ளும், நீ நீயாகவே இரு' என்ற பொருளில் சொன்னாராம். அதன் பிறகு ஸ்டான்டன் அந்த வழியை விடவே இல்லை.

கேள்வி: 'ஏலியன்' படத்தில் எவர் இவர்?

பிரெட். விண்வெளிக் கப்பலின் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் இருவரில் ஒருவர், யார் என்ன சொன்னாலும் 'ரைட்' என்று மட்டும் சொல்பவர். பூனையைத் தேடிப் போகும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தி, அந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கிறார். நாள் முழுக்க உழைத்தவனுக்குக் கிடைத்த சின்னக் குளிர்ச்சி, அவ்வளவுதான். அடுத்து அந்த வேற்றுக்கிரக மிருகம் அவர்மேல் பாய்வது நமக்கு அடிவயிற்றைக் கலக்குவதற்கு அந்தச் சில நொடிகள்தான் காரணம் என்பேன்.

கேள்வி: கதாநாயகனாக நடிக்கவே இல்லையா?

நடித்தார், ஐம்பது தாண்டிய பிறகு. கிடைக்கும் வேடங்கள் அலுத்துவிட்டன என்று ஒரு மதுக்கடையில் நாடக ஆசிரியர் சாம் ஷெப்பர்டிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறார். ஷெப்பர்ட் எழுதி, விம் வெண்டர்ஸ் இயக்கிய 'பாரிஸ், டெக்சாஸ்' அப்படித்தான் அவருக்கு வந்தது. 1984இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வென்ற படம்.

சிவப்புத் தொப்பி, புழுதி படிந்த கோட்டு சூட்டு, கையில் தண்ணீர் கேன். பாலைவனத்தில் ஒரு மனிதன் நடந்து வருகிறான். ஏறக்குறைய 25 நிமிடத்துக்கு அவன் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஆனாலும் நமக்கு அலுக்காது, ஏனென்றால் இவனுக்கு என்ன ஆயிற்று என்று அந்த முகமே கேட்க வைக்கிறது.

பிற்பாதியில் பிரிந்த மனைவியைக் கண்டுபிடிக்கிறான். நடுவில் ஒரு கண்ணாடி; அவனுக்கு அவள் தெரிவாள், அவளுக்கு அவன் தெரிய மாட்டான். தொலைபேசியில்தான் பேச முடியும். இரண்டாவது தடவை போகும்போது நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, யாரோ இருவரின் கதையைப் போலத் தங்கள் கதையைச் சொல்கிறான். அவளைப் பார்த்துக்கொண்டே சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. குரல் உயரவே உயராது. நான் எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே உடைந்துவிடுவேன்.

கேள்வி: ஆஸ்கர் வாங்கினாரா?

பரிந்துரை கூட இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி: இவர் பெயரில் ஏதோ விதி இருக்கிறதாமே?

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் சொன்னது. ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ குணச்சித்திர வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்றார். பிறகு ஒரு விதிவிலக்கையும் அவரே ஒப்புக்கொண்டார்.

கேள்வி: தொலைக்காட்சிக்குத் திரும்பவே இல்லையா?

திரும்பினார், பலமாகவே. 2006இல் தொடங்கிய 'பிக் லவ்' தொடரில் ரோமன் கிராண்ட். பலதார மணம் செய்யும் ஒரு குழுவின் தலைவர். தாத்தா மாதிரி மெதுவாகப் பேசியே மிரட்டுவார்.

அப்புறம் 2017இல் வந்த புதிய 'ட்வின் பீக்ஸ்' தொடர். ஒரு சிறுவன் லாரியில் அடிபட்டு இறக்கிறான். சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க, இவர் மட்டும் மெல்ல நடந்து போய், தாயின் பக்கத்தில் குனிந்து, கை வைக்கிறார். அப்போது அவருக்கு வயது 90ஐ ஒட்டி இருக்கும். குனிவதற்கு அந்த உடம்பு படும் சிரமமும் அந்த ஆறுதலில் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

'பாரிஸ், டெக்சாஸ்' என்று சொல்ல வேண்டியவன்தான். ஆனால் 'லக்கி' பாருங்கள். அவர் இறந்து இரண்டு வாரத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்கியவர் ஜான் கரோல் லிஞ்ச், அவரும் ஒரு குணச்சித்திர நடிகர். தொண்ணூறு வயதில் பாலைவன ஊரில் தனியாக வாழும் ஒருவரின் கதை. லக்கியும் போரில் கப்பல் சமையல்காரராக இருந்தவர். ஓர் உணவகத்தில் இன்னொரு முன்னாள் போர்வீரரோடு அதைப் பற்றிப் பேசுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் டாம் ஸ்கெரிட், 'ஏலியன்' கப்பலின் கேப்டன்!

ஒரு பிறந்தநாள் விழாவில் திடீரென்று ஸ்பானிய மொழியில் பாட ஆரம்பிப்பார், நடுங்கும் குரலில். முடிவில் உயரமான ஒரு கள்ளிச்செடியை அண்ணாந்து பார்க்கிறார். பிறகு நம் பக்கம் திரும்பி ஒரு புன்னகை. அப்படியே நடந்து போய்விடுகிறார்.