ராத்திரி இரண்டு மணிக் கைங்கரியம்

கேள்வி: ஜெனீவா அருகே ஒரு துகள் இயற்பியல் சோதனையில் துகள்களைப் பதிவுசெய்யும் டிடெக்டரைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷன் மென்பொருளை ஒருங்கிணைக்கும் வேலை எனக்கு. 5 நாடுகளில் 17 பேர். ஒருவருக்கும் நான் மேலதிகாரி இல்லை. சம்பளம் தருவது அவரவர் பல்கலைக்கழகம். தேதி சொன்னால் சரி என்பார்கள், அன்றைக்கு ஆளைக் காணோம். டிடெக்டரின் ஜியோமெட்ரியை, அதாவது எந்தப் பாகம் எங்கே என்ற அமைப்பை, நவம்பருக்குள் முடிவு செய்தாக வேண்டும். இத்தாலியில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர் எழுதும் நிரலில் திரும்பத் திரும்ப ஓவர்லாப் வருகிறது, ஒரு பாகம் இன்னொன்றின் இடத்தில் ஏறி நிற்கிறது (ராத்திரி நானே சரிசெய்து போட்டுவிடுகிறேன், அவருக்குத் தெரியாது). வீட்டில் கணவர்தான் சமைக்கிறார். 11 வயது மகள் என்னோடு பேசுவதே குறைந்துவிட்டது. அதிகாரம் இல்லாமல் ஆட்களை வேலை வாங்குவது எப்படி?

பதில்: இதே கேள்வியை வங்கி மேலாளர் கேட்டிருக்கிறார், பள்ளித் தலைமையாசிரியை கேட்டிருக்கிறார், கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்கூடக் கேட்டிருக்கிறார். அதனால் ‘ஐயோ, எவ்வளவு பாரம்’ என்று உச்சுக்கொட்ட மாட்டேன். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

அவருக்குத் தெரியாதா? நீங்கள் நிரலை வைத்து வேலை செய்வது கிட் (Git) என்ற மென்பொருளில். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று பெயரும் நேரமும் போட்டு எழுதிவைக்கிற இடம். ராத்திரி 1.52 என்று உங்கள் பெயர் அதில் நிற்கிறது. அந்தப் பையன் காலையில் காபியோடு அதைப் பார்க்கிறான். சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டுப்போகிற பிள்ளைக்கு, யாரோ எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்த மாதிரி அவனுக்கும் தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான்.

துகள் பொருளுக்குள் போவதைக் கணக்கிடுகிற ஜியான்ட் நிரலின் மூன்றாம் பதிப்பை, ஜியான்ட் 3-ஐ, பழைய ஃபோர்ட்ரான் மொழியில் ஓட்டிய தலைமுறை நான். ஜியான்ட் 4-க்காக சி ப்ளஸ் ப்ளஸ் மொழிக்கு மாறச் சொன்னபோது முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு, அது கிடக்கட்டும். ஜியான்ட் 4-இல் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தாய் வால்யூமுக்குள், அதைவிடப் பெரிய கன உருவத்துக்குள்தானே வைக்கிறீர்கள்? மகள் வால்யூம் தாய்க்குள் முழுசாக அடங்க வேண்டும், ஒரு தாயின் மகள்கள் ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி நிற்கக் கூடாது. நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துகள் எந்தப் பொருளுக்குள் போகிறது என்று நிரல் குழம்பும். சிலிக்கனில் விழ வேண்டிய ஆற்றல் அதைத் தாங்குகிற கார்பன் சட்டத்தின் கணக்கில் ஏறும். சில துகள்கள் எல்லையிலேயே மாட்டிக்கொண்டு நகராது. இப்போது உங்கள் குழுவைப் பாருங்கள். அந்த மாணவன் நிற்க வேண்டிய இடத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். அந்த ஜியோமெட்ரிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் உங்களாலேயே பதில் சொல்ல முடியாது.

எங்கள் பெரியம்மா, மருமகள்கள் குழம்பு வைத்தால் உப்பு கூடிவிடும் என்று அடுப்பையே தர மாட்டார். இடுப்பு உடைந்து அவர் படுத்தபோது மூன்று மருமகள்களுக்கும் அந்த வீட்டுக் குழம்பு வைக்கத் தெரியவில்லை. உறவெல்லாம் மருமகள்களைத் திட்டியது. நான் இன்றுவரை பெரியம்மாவைத்தான் குறை சொல்கிறேன். சின்னவர்கள் நாலு நாள் உப்பைக் கூட்டிப் போடுவார்கள், பக்கத்தில் நின்று அதைச் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். மூத்தவளாகப் பிறந்ததற்கும் ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் வாங்கியதற்கும் அதுதான் கடமை. நாளைக்கு ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘இந்த இடைவெளியை ஏன் இவ்வளவு விட்டாய்?’ என்று தேர்வாளர் கேட்கும்போது அவன் திருதிருவென்று விழிப்பானே, அது நீங்கள் செய்த உபகாரம்.

அதிகாரம் இல்லை என்கிறீர்கள். ஜியான்ட் 4-ஐ உருவாக்கியவர்களுக்கு மட்டும் இருந்ததா? 1993-இல் ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் ஒரு கூட்டம், ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தில் ஒரு கூட்டம் என்று தனித்தனியாக யோசித்தார்கள். 1994-இல் ஆர்டி44 என்ற பெயரில் சேர்ந்தார்கள். ஐரோப்பா, ரஷ்யா, ஜப்பான், கனடா, அமெரிக்கா என்று சுமார் 100 பேர், ஆளுக்கொரு நிறுவனச் சம்பளம். 1998 டிசம்பரில் முதல் வெளியீடு வந்துவிட்டது. ஒருவர் ராத்திரி விழித்து 100 பேர் வேலையைத் திருத்தி வந்ததா அது? இன்றைக்கும் அங்கே ஜியோமெட்ரிக்கு ஒரு பணிக்குழு, மின்காந்த இயற்பியலுக்கு ஒன்று, புரோட்டான் மாதிரியான ஹேட்ரான்களுக்கு ஒன்று. அதில் பிழை என்றால் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஓவர்லாப் பார்க்கும் சோதனை ஜியான்ட் 4-க்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு மெர்ஜுக்கு முன்னும், அதாவது ஒருவர் எழுதியதைப் பொது நிரலில் சேர்ப்பதற்கு முன்னும், அது தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். பரப்பில் சில புள்ளிகளை எடுத்துப் பார்க்கிற சோதனை என்பதால் மயிரிழை ஓவர்லாப் தப்பிவிடும், புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தேறாதது உள்ளே போகாது. அதைச் சொல்வது இயந்திரமாக இருக்கட்டும், உங்கள் முகத்தை நடுவில் கொண்டுவராதீர்கள். தேதிக்கு வராதவரின் பாகம் பழைய பதிப்போடு போகும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதிவிடுங்கள். எழுதியபடி செய்யவும் வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும்.

மகளைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் வேலையைச் செய்யத்தான் அவளுடைய ராத்திரிகளை எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது, மறைக்கவில்லை.

நாளைக் காலை அந்தப் பையனைக் கூப்பிட்டு, இதுவரை நீங்கள் திருத்தியது ஒவ்வொன்றையும் காட்டுங்கள். முகம் சுண்டும், ஒருவேளை கோபப்படுவான். படட்டும். அடுத்த வாரக் கூட்டத்தில் அவன் பாகத்தில் எத்தனை ஓவர்லாப் பாக்கி, எப்போது முடியும் என்று அவனே சொல்லட்டும். அவன் பேசி முடிக்கும்வரை உங்கள் மைக் மியூட்டில் இருக்க வேண்டும்.