பதின்பருவ ஓவியனைப் பற்றிய காமிக்ஸில் அழுகை மிகையாக இருந்தால் குறைக்கத்தான் வேண்டுமா?

பதினாறு வயது ஓவியனை நாயகனாக வைத்து நீங்கள் வரையும் காமிக்ஸைப் படித்த நண்பர்கள், பக்கத்துக்குப் பக்கம் கண்ணீரும் கத்தலுமாக இருக்கிறதே என்று சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாயகன் பாதி நீங்களே என்பதால்தான் அச்சிரிப்பு உங்களை இவ்வளவு சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எதையும் குறைக்க வேண்டாம் என்பதே என் பதில்.

வகுப்பில் யாரிடமும் பேசாத ஒரு பெண், தன் தாயின் முகத்தை வரைய முயன்று தோற்றுக்கொண்டே இருக்கும் கதை ஒன்றை வரைந்து ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன். அதன் ஆசிரியர், அவள் அழும் கட்டங்களையெல்லாம் நீலப் பென்சிலால் சுழித்து, ‘நாடகத்தனம்’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். கண்ணீரில் ஒரு துளியைக்கூட நான் எடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு பக்கத்தைச் சேர்த்தேன். அதில் அவள் உதட்டோரத்தை வரைந்து அழிக்கிறாள், மறுபடியும் வரைந்து அழிக்கிறாள். தேய்ந்த தாள் பிசிறெழுந்து, மை வைத்ததும் கோடு ஊறிப் பரவுகிறது. மணிக்கட்டில் ரப்பர் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. பேச்சுக்குமிழ் ஒன்றுகூடக் கிடையாது. வேறோர் இதழ் அக்கதையை, அழுகை உட்பட, அப்படியே வெளியிட்டது.

அழுதாலே கலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காரணம் எதையும் காட்டாமல் மழையையும் இடியையும் வரவழைப்பவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் கேலி பேசுவோர் மீது எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. 1962இல் வெளிவந்த ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ என்ற அமெரிக்கக் காதல் காமிக்ஸின் 83ஆம் இதழில், டோனி அப்ரூஸோ வரைந்த கட்டம் ஒன்றில் ஒரு பெண் அலைகளுக்கு நடுவே கண்ணீர் வடிக்கிறாள். பின்னணியில் இருந்த காதலனை நீக்கி, வாசகத்தையும் மாற்றி, அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் அதைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அது இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கிண்டலாகத்தான் வரைந்தார் என்பார்கள். இருக்கட்டும், அந்தக் கிண்டலுக்கும் ஓர் அசல் தேவைப்பட்டது அல்லவா?

கடைசியில் நாயகன் தன் ஓவியங்களை எரிக்கும் காட்சியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எரிக்கட்டும். அவற்றில் ஓரிரண்டையாவது முன்பே முழுப் பக்கத்தில், உங்கள் கோட்டில் அல்லாமல் அவனுடைய தடுமாறும் கோட்டில், வரைந்து காட்டிவிடுங்கள். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால், இதுவரை அவனுடைய தாள்கள் எல்லாமே வாசகருக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கின்றன.